கலியமூர்த்தி சுட்ட வைரஸ்

காலை டீ முடிந்ததும் கொலை ஆரம்பமாகிவிடும்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் மூடிக்கிடந்த ஒரு பீங்கான் கம்பெனிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, 'மூலிகை வழி வைரஸ் வதைக் கணினி மையம்' என்று பலகை மாட்டி நாலு வருஷமாகிறது. உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அதில் ஒரு பக்கம் வைரஸின் புரதத்தைப் படமாக ஏற்றுவார்கள். இன்னொரு பக்கம் நம் ஊர்ச் செடிகொடிகளில் இருக்கும் சேர்மங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். சேர்மம் போய்ப் புரதத்தின் குழிக்குள் கெட்டியாக உட்கார்ந்துகொண்டால் கம்ப்யூட்டர் நல்ல மார்க் போடும். உடனே மையத்தின் இயக்குநர் டாக்டர் ஆனந்தராஜ் எழுந்து நின்று, "செத்தான்!" என்று கத்துவார். ஊழியர்கள் எல்லோரும் எழுந்து மேஜையை ஓங்கிக் குத்தி, "செத்தான்! செத்தான்!" என்று கத்தவேண்டும். இதற்குச் சுற்றறிக்கை உண்டு. மெதுவாகக் குத்திய டைப்பிஸ்டுக்கு மெமோ கொடுத்தார்கள். ஓங்கிக் குத்திய கணக்கர் கையில் கட்டோடு அலைந்தார்.

இப்படியாக டெங்கு அந்தக் கட்டடத்துக்குள் லட்சக்கணக்கான தடவை செத்திருக்கிறது. எஸ்டேட்டின் சாக்கடைக் கொசுக்களுக்கு மட்டும் அந்தத் துக்கச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. போன ஐப்பசியில் இயக்குநரையே கடித்துவைத்தன. அவர் பாண்டிச்சேரிக்கு ஓடி, ஆஸ்பத்திரியில் படுத்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு பிழைத்து வந்தார். வந்த அன்று டெங்குவைச் சாயங்காலம் வரைக்கும் விடாமல் கொன்றார். அது சொந்தப் பகை.

மையத்தின் பின்சுவரை ஒட்டி இடுப்பளவு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தியின் சூளைக் கொட்டகை. அவரும் அவர் மனைவி அன்புக்கரசியும் அதில்தான் முப்பது வருஷமாக ஃபியூஸ் கட்டையும், சீசனுக்குக் கொலு பொம்மையும் சுட்டு வயிறு வளர்க்கிறார்கள். மையத்தின் ஏசி மெஷின்கள் ஏழும் பின்சுவரில் வரிசையாக உட்கார்ந்து, உள்ளே இருக்கிற சூட்டை எல்லாம் இவர்கள் கொட்டகைக்குள் ஊதிக்கொண்டிருந்தன. நடு மெஷினுக்கு முன்வலை கழன்று போய், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உள்ளே விசிறி சுற்றுவது கொட்டகையிலிருந்தே தெரியும். இதையெல்லாம் தீர விசாரித்த மையம், கலியமூர்த்திக்கு ஒரு ஆணை அனுப்பியது. அவருடைய சூளைச் சூட்டால் கம்ப்யூட்டர்கள் களைத்துப்போகின்றனவாம். கொட்டகையை உடனே அகற்ற வேண்டுமாம்.

"இந்தச் சூளை போச்சுன்னா என்னாங்க பண்றது? பெண்ணாடத்துப் பக்கம் கரும்பு வெட்டப் போறதா?" என்று அன்புக்கரசி கேட்டாள். "போயி அந்தப் பெரியவங்க கால்லயாவது வுழுந்துட்டு வாங்க."

கலியமூர்த்தி போனார். அவர் ஒரு பயந்த மனுஷர். சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிற எவரைக் கண்டாலும் எழுந்து நிற்பார்.

"ஐயா, கொட்டகைய எடுத்துட்டா நாங்க சோத்துக்கு எங்கய்யா போவோம்?"

ஆனந்தராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பொம்மை செய்வியாமே?"

"செய்வேங்க. யானை, குதிர, செட்டியாரு..."

"வைரஸ் வருமா?"

கலியமூர்த்தி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இன்னும் வரலைங்க."

"செய்ய வருமான்னு கேட்டேன்யா! சென்னையிலேர்ந்து, நமக்குப் பணம் ஒதுக்கற வாரியத்தோட தலைவர் வர்றார். நாலு வருஷமா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே கொல்றோம். தலைவருக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. அவர் கையாலேயே கொல்லணும். ஒரு வைரஸ் செய். அதுல குழி வை. குழிக்குள்ள போற மாதிரி மருந்து செய். தலைவர் எடுத்துக் குழியில குத்தணும், எல்லாரும் கைதட்டணும். ஒழுங்கா முடிச்சிட்டன்னா உன் கொட்டகை ஆணையைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

மாதிரியைக் காட்டும் வேலை பிரின்சியிடம் வந்தது. மேஜையை மெதுவாகக் குத்துகிறவர்கள் பட்டியலில் இருந்த இளம் ஆராய்ச்சியாளர் அவள். திரையில் ஒரு முள் உருண்டையைச் சுழற்றிக் காட்டினாள். உருண்டையின் வயிற்றில் ஒரு குழி. அதற்குள் கொம்புகொம்பாக ஒன்று போய் உட்கார்ந்தது.

"இதுதாண்ணே குப்பைமேனியில இருக்கற சேர்மம். இப்போதைக்கு இதுதான் முதலிடம். மைனஸ் பன்னண்டு."

"அய்யய்யோ, தோத்துப்போச்சா?"

"இல்லண்ணே. இதுல மைனஸ்ல எவ்வளவுக்குக் கீழ போவுதோ அவ்வளவுக்கு நல்லது. அவ்வளவு கெட்டியாப் புடிச்சிருக்குதுன்னு அர்த்தம்."

"எங்க பொழப்பும் அப்பிடித்தாம்மா கீழ போயிகிட்டு இருக்குது. எவனும் மார்க்கு போடல."

பிரின்சி சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது வெறும் சல்லடைதாண்ணே. சலிச்சு எடுத்தத அப்புறமா ஆய்வுக்கூடத்துல நெசமான வைரஸ் மேல போட்டுப் பாக்கணும். முக்காவாசி அங்க ஊத்திக்கும்" என்றாள்.

பின்னால் வந்து நின்ற ஆனந்தராஜ் காதில் அது விழுந்துவிட்டது. "அதெல்லாம் போட்டுப் பாத்தா முடிவு மாறிடும்மா. முடிவு மாறுனா அது என்ன அறிவியல்?"

இணை இயக்குநர் ராஜ்மோகன் மண்ணைப் பற்றி உத்தரவு போட்டார். அவருக்குத் தேசபக்தி அதிகம். "வைரஸ் வெளிநாட்டுக்காரன். அதனால வெள்ளைப் பீங்கான்ல செய். மருந்து நம்ம ஆளு. அதைக் கம்மாபுரத்துச் செம்மண்ணுல செய். வைரஸ் பாக்கறதுக்கு அடிச்சா சாவாத மாதிரி இருக்கணும். அப்பதான் அடிக்கிறவனுக்குப் பெருமை."

"சரிங்கய்யா" என்றார் கலியமூர்த்தி. முப்பது வருஷமாக மண்ணைப் பிசைகிற மனுஷர் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எதிரே பேனா இருந்தது.

பூசணிக்காய் அளவுக்கு வெள்ளை உருண்டை செய்தார். சுற்றிலும் கட்டைவிரல் தடிமனில் முள் வைத்தார். திரையில் நூல் பிடித்து அளந்து வந்த குழியை வயிற்றில் குடைந்தார். செம்மண்ணில் கொம்புகொம்பாக மருந்து பிடித்தார். சுடாத பச்சை மண்ணாக இருக்கும்போது மருந்தைக் குழிக்குள் வைத்து அழுத்தினால் சுகமாகப் போய் உட்கார்ந்தது. அன்புக்கரசி இழுத்துப் பார்த்து, "கவ்விப் புடிக்குதுங்க" என்றாள். இரண்டு பேருக்கும் சந்தோஷம். பிறகு வெள்ளையைப் பெரிய தீயிலும் சிவப்பைச் சின்னத் தீயிலும் சுட்டார்கள்.

தலைவர் வருகிற அன்று காலையில் எடுத்துப் பொருத்திப் பார்த்தால், போகவில்லை. பீங்கான் பெரிய தீயில் நன்றாகச் சுருங்கிவிட்டது. கூடவே குழியும் சுருங்கிவிட்டது. செம்மண் பேருக்குத்தான் சுருங்கியிருந்தது. மருந்து குழியின் வாயிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"யோவ், மண்ணு வேற, தீ வேற, சுருங்கறது வேறன்னு உனக்குத் தெரியாதா?" மரியாதை எல்லாம் பறந்துவிட்டது அன்புக்கரசிக்கு. "அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியப் பாத்ததும் புத்தியப் பறிகுடுத்துட்டு வந்தியா?"

கலியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். அவள் சொன்னது சரிதான். கம்ப்யூட்டரில் போனது சூளையிலும் போகும் என்று அவர் நம்பிவிட்டார்.

மையத்துக்கு ஓடினார். அங்கே ஒரு ஜேசிபி வளாகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. மதிலோரம் முழங்கால் உயரத்துக்கு மண்டிக்கிடந்த செடியை எல்லாம் வேரோடு வழித்துக் குவித்து, மிச்சத்தின் மேல் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். பிரின்சி பதறிப்போய், "சார், அதுதான் சார் குப்பைமேனி!" என்று கத்தினாள்.

"அதுதான் கம்ப்யூட்டர்ல இருக்குதேம்மா" என்று சொல்லிவிட்டு ராஜ்மோகன் கலியமூர்த்தியின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, மருந்து குழிக்குள்ள போவலைங்க."

பளார் என்று கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. "மைனஸ் பன்னண்டுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. போவலன்னு நீ சொல்றியா?"

"ஒரு நாளு குடுத்தீங்கன்னா தேச்சி..."

இன்னொரு அறை. தலைவர் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார் என்று போன் வந்துவிட்டது.

வளாகத்து மேடையில் வெள்ளை வைரஸ் நடுநாயகமாக வீற்றிருந்தது. பக்கத்தில் வெல்வெட் துணியில் சிவப்பு மருந்து. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"தலைவர் அவர்களே! இதுவரை எங்கள் மருந்தால் ஒரே ஒரு மனிதருக்குக்கூடப் பக்கவிளைவு வந்ததில்லை. காரணம், ஒரே ஒரு மனிதருக்குக்கூட நாங்கள் மருந்து கொடுத்ததில்லை!" பலத்த கைதட்டல். "எங்களை ஆய்வுக்கூடம் கட்டச் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் வைரஸ் திருப்பி அடிக்கும். கம்ப்யூட்டரில் அடிக்காது. ஆகவே அந்தப் பணத்தில் இந்த மேடையைக் கட்டினோம்!"

வாரியத் தலைவர் கோதண்டபாணி கல்யாணச் சாப்பாட்டின் நிறைவோடு எழுந்தார். "எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனா யாரை எங்க குத்தணும்னு தெரியும். எனக்கு முன்னால இந்த வாரியத்துல இருந்த யாரையாவது இப்ப நீங்க பாக்க முடியுதா?" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு மருந்தை எடுத்துக் குழியில் வைத்து அழுத்தினார்.

போகவில்லை.

திருப்பி வைத்து அழுத்தினார். முழங்காலைக் கொடுத்து அழுத்தினார். ராஜ்மோகன் பின்னாலிருந்து வைரஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆனந்தராஜ் தலைவரின் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் மைனஸ்ல போங்க தலைவரே!" என்றார். மருந்து வழுக்கியது. அதன் கொம்பு தலைவரின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. வெள்ளை வேட்டியில் ரத்தம் சொட்டியது.

"கடிச்சிருச்சுய்யா!" என்று அலறினார் தலைவர்.

இயக்குநர் அங்கே கிடந்த சுத்தியலை எடுத்து மருந்தின் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டார். மருந்து தூள்தூளானது. ஒரு சில்லு பறந்துபோய் ராஜ்மோகனின் முன்பல்லை எடுத்துக்கொண்டு போனது. வைரஸுக்கு ஒரு கீறலும் இல்லை.

"செம்மண்ணுன்னு சொன்னது எவன்?" என்று ஆனந்தராஜ் கத்தினார்.

"மைனஸ் பன்னண்டுன்னு சொன்னது எவன்?" என்று வாயில் ரத்தத்தோடு ராஜ்மோகன் கேட்டு, இயக்குநரின் கழுத்தைப் பிடித்தார். இயக்குநர் மைக்கைக் கழற்றி அவர் மண்டையில் போட்டார். மைக் ஆனில் இருந்ததால் அந்த அடி எஸ்டேட் முழுக்கக் கேட்டது. ராஜ்மோகன் இயக்குநரின் காதைக் கடித்தார். முன்பல் இல்லாததால் கடைவாயில் கடிக்க வேண்டியிருந்தது, நேரம் பிடித்தது. இயக்குநரின் கூச்சலைக் கேட்ட ஊழியர்கள் வழக்கமான கொலைதான் நடக்கிறது என்று எண்ணி எழுந்து நின்று, நாற்காலிகளைக் குத்தி, "செத்தான்! செத்தான்!" என்று முழங்கினார்கள்.

துண்டில் கையைச் சுற்றிக்கொண்ட தலைவர் வைரஸைக் காட்டி, "அத ஒடைங்கடா!" என்றார்.

மையத்தின் காவலாளிகள் பாய்ந்தார்கள். பட்டாளத்து உடுப்புப் போட்ட தடியர்கள் அவர்கள். லத்தியால் அடித்தார்கள், லத்தி பிளந்தது. பூட்ஸ் காலால் உதைத்த ஒருவர் முள்ளில் உதைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேடையிலிருந்து உருண்ட வைரஸ் இன்னொருவரின் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் முன்வரிசை வரை கேட்டது.

"ஜேசிபிய வுடுங்கடா!"

ஜேசிபி வந்தது. அதன் கைக்கு வெள்ளை உருண்டையைக் குறிபார்க்கத் தெரியவில்லை. ஓங்கி அடித்த அடியில் வைரஸ் துள்ளி, மதிலைத் தாண்டிக் கலியமூர்த்தியின் கொட்டகைக்குள் போய் விழுந்தது. ஜேசிபி மதிலை இடித்துக்கொண்டு பின்னாலேயே போய், கொட்டகை வாசலில் நின்றது.

"சார், உள்ள சூளை இருக்குது சார்" என்றார் டிரைவர்.

"வைரஸ் எங்க போயி ஒளிஞ்சாலும் வுடக்கூடாது!" என்று மைக்கில் குரல் வந்தது. எந்த அதிகாரியின் குரல் என்று தெரியவில்லை. அடிதடியில் இரண்டு பேருக்குமே வாய் வீங்கியிருந்தது.

கலியமூர்த்தி ஓடிப்போய் ஜேசிபிக்கு முன்னால் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேனாவைப் பார்த்து அவர் எழுந்து நிற்கவில்லை, எதிர்த்து நின்றார். "ஐயா, அது சூளைங்கய்யா! வைரஸ நானே வெளிய எடுத்துக் குடுத்துடறேங்கய்யா!"

வைரஸுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறான் என்று சொல்லி, மீதமிருந்த லத்திகளை எல்லாம் அவர்மேல் உடைத்தார்கள். முதுகில் அடித்தார்கள், முழங்காலில் அடித்தார்கள். கீழே விழுந்தவர் சூளையின் வாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை விடுவிக்க வலது கை மணிக்கட்டில் பூட்ஸை வைத்து ஒருவன் ஏறி நின்றான். கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால் நல்ல மைனஸில் பிடித்திருந்தார். அதனால் எலும்பு உடைகிற வரைக்கும் நிற்க வேண்டியிருந்தது. அன்புக்கரசி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், புறங்கையைக் கடித்தாள். அவளையும் காலால் உதைத்துத் தள்ளினார்கள். பிறகு ஜேசிபி இறங்கியது. முப்பது வருஷச் சூளை ஒரு தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் செங்கல் குவியலாகிவிட்டது.

புழுதி அடங்கியபோது குவியலின் உச்சியில் வைரஸ் உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு முள்கூட ஒடியவில்லை. கலியமூர்த்தி அதைப் போல எதையும் அவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை.

விசாரணை நடந்தது. மருந்து சரியாகத்தான் வேலை செய்தது, வைரஸ்தான் விதிமுறைக்கு மாறாக நடந்துகொண்டது என்று முடிவாயிற்று. மையத்துக்கு இன்னும் பத்துக் கம்ப்யூட்டர் ஒதுக்கினார்கள். தையல் போட்ட காதோடு இயக்குநரும், கட்டின பல்லோடு இணை இயக்குநரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கொலையைத் தொடர்ந்தார்கள்.

வலது கையில் மாவுக்கட்டோடு கலியமூர்த்தி இடிபாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், மையத்தின் பியூன் கோவிந்தராசு ஒரு கடிதத்தோடு வந்தார். அவரும் கலியமூர்த்தியும் ஒரே தெருக்காரர்கள். முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, செங்கல் குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டைரக்டரு வாக்குக் குடுத்தாராமில்ல, அதக் காப்பாத்திட்டாரு. படிக்கிறேன் கேளு. 'மேற்படி கொட்டகை தற்போது இல்லாதபடியால், மேற்படி கொட்டகையை அகற்றும் ஆணை கருணையுடன் ரத்து செய்யப்படுகிறது.'"

"சரிங்க" என்றார் கலியமூர்த்தி. பழக்க தோஷம்.

"இன்னொண்ணும் இருக்குது. அடுத்த மாசம் தலைவரு மறுபடியும் வராராம். குழி வாயி பெருசா வச்சி, தொட்டாலே ஒடையற மாதிரி ஒரு வைரஸ் செஞ்சி குடுக்கணுமாம்."

கலியமூர்த்தி மாவுக்கட்டுக் கையைப் பார்த்தார். விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. கட்டைவிரலை அசைக்கப் பார்த்தார். அது அசையவில்லை. அவருக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு வந்ததெல்லாம் பயம்தான், அழுகை இதுதான் முதல்முறை. குலுங்கிக் குலுங்கி அழுதார். கோவிந்தராசு கடிதத்தை ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அன்புக்கரசி புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குவியல் மேல் ஏறி, வைரஸை இரண்டு கையாலும் தூக்கினாள். நல்ல கனம். முள் குத்தி உள்ளங்கையில் ரத்தம் வந்தது. இடிந்த மதிலைத் தாண்டி நடந்தாள். உள்ளே அப்போதுதான் டீ முடிந்திருந்தது. "செத்தான்! செத்தான்!" என்று மேஜைகள் அதிர்ந்துகொண்டிருந்தன.

நடு ஏசி மெஷின் வழக்கம்போல வாயைப் பிளந்துகொண்டு அவள் முகத்தில் சூட்டை ஊதியது. அவள் வைரஸைத் தலைக்கு மேலே தூக்கி அந்த வாய்க்குள் போட்டாள்.

விசிறியின் இறக்கைகள் நொறுங்கித் தெறித்தன. ஒன்று அவள் தோளைக் கீறிக்கொண்டு போனது. தீப்பொறி கிளம்பியது. ஏழு மெஷினுக்கும் காண்ட்ராக்டர் ஒரே ஒயரில் கரண்ட் இழுத்திருந்தார் என்பது அப்போதுதான் மையத்துக்குத் தெரிந்தது. ஏழும் நின்றன. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் கருகிய வாசனை வந்தது. லட்சக்கணக்கில் வைரஸைக் கொன்ற வீரர்கள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் மிதித்துத் தள்ளி வெளியே ஓடிவந்தார்கள். இயக்குநரின் தையல் பிரிந்து காது மறுபடியும் தொங்கியது. காவலாளிகள் வைரஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

கடைசியாக வெளியே வந்த பிரின்சி மெஷினுக்குப் பக்கத்தில் போய், வைரஸ் உட்கார்ந்திருந்த வாயைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள்.

"இடைவெளியே இல்லக்கா" என்றாள். "மைனஸ் பதினஞ்சு இருக்கும்."

அன்புக்கரசி கை ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"செத்தான்" என்றாள்.